வளைவில் ஒரு மஞ்சள் கோடு

அத்தியாயம் 7

“கார் பந்தயப் படத்துல கார் எங்க இருக்கணும்?” என்று கேட்டார் பட ஆசிரியர்.

“ரோட்டுல” என்றான் ரேடியோ.

பட ஆசிரியர் சிரிக்கவில்லை. விளையாட்டுப் பத்திரிகையில் படங்களைத் தேர்ந்தெடுத்து எடுத்தே சிரிப்பை மறந்துபோன மனிதர் அவர். மேஜை மேல் ஆறிப்போன டீ, அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆறிப்போன டீ. சுவரில் பழைய அட்டைப் படங்கள். எல்லாவற்றிலும் கார் நட்டநடுவில் பளிச்சென்று நின்றது.

“நடுவுல இருக்கணும்” என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். “இல்லேன்னா முன்னாடி கொஞ்சம் இடம் விட்டு, ஓடிப் போற மாதிரி இருக்கணும். இந்தப் பையன் என்ன பண்றான்? காரை மூலையில தள்ளிட்டுப் பின்னாடி வெட்டவெளியைக் காட்டறான். பாதி காரை வெட்டறான். கம்பி வேலி வழியா எடுக்கறான். தேங்கின தண்ணியில தெரியற காரை எடுத்துட்டு அதைத் தலைகீழா அனுப்பறான். படம் எடுக்கச் சொன்னா பாடம் எடுக்கறான்.”

ரேடியோவுக்கு அந்த வாசகம் பிடித்துப்போயிற்று. பிறகு எங்காவது தன் சொந்தச் சரக்காக எடுத்துவிடலாம் என்று மனதில் முடிந்துகொண்டான்.

ரேடியோ என்பது அவனுடைய பெயரல்ல. வாயை மூடத் தெரியாதவன் என்று பள்ளிக்கூடத்தில் ஒட்டிய பட்டம், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூடவே வந்துவிட்டது. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தான். கம்பெனி மூழ்கியதும் சித்தியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். சித்தி அவன் அம்மாவின் கடைசித் தங்கை. வயதில் அவனைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். காப்பீட்டுக் கம்பெனியில் நசுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, எது விபத்து, எது நாடகம் என்று பிரித்துக் கொடுத்தவள். வெளியாட்கள் முன்னால் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது இருவருக்கும் ஒப்பந்தம். அதை அவன் பாதி நேரம் மறந்துவிடுவான்.

வழக்கு இதுதான்.

ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில், ஒரு வளைவைத் தாண்டிய இடத்தில் ஒரு கார் இன்ஜின் செத்து நடுவழியில் நின்றுவிட்டது. அப்படி நேர்ந்தால், வளைவில் மேடை மேல் நிற்கும் கொடிக்காரர் மஞ்சள் கொடியை ஆட்ட வேண்டும். மஞ்சளைப் பார்த்ததும் பின்னால் வருகிறவர்கள் வேகத்தை அடக்க வேண்டும். அன்றைக்கு முதலில் வந்த வீரன் அடக்கவே இல்லை. வந்த வேகத்தில் நின்ற காரில் மோதி அங்கேயே போய்ச் சேர்ந்தான்.

கொடிக்காரர் கொடியை ஆட்டவில்லை என்றார்கள். சொன்னது யாரோ எவரோ அல்ல, செத்துப்போனவனின் தம்பி. பந்தயப் புகைப்படக்காரன். அதே வளைவின் உட்பக்கம் கேமராவோடு நின்றவன். “நான் அங்கயேதான் நின்னேன். கொடி அசையவே இல்லை” என்று விசாரணைக் குழு முன்னால் அழுதுகொண்டே சொன்னான். அதற்கு மேல் யார் என்ன சொல்லி என்ன?

கொடிக்காரர் வார நாட்களில் கணக்கு வாத்தியார். விடுமுறை நாட்களில் பைசா வாங்காமல் தடத்தில் போய் வெயிலில் நிற்பவர். பள்ளிக்கூடம் அவரை வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டது. யாரோ வீட்டு ஜன்னலைக் கல்லால் அடித்துவிட்டுப் போனார்கள். இவையெல்லாம் போகட்டும் என்றால், மனிதர் தன்னையே நம்பாமல் போய்விட்டார். முதலில் “ஆட்டினேன்” என்றார். பிறகு “ஆட்டினேன்னுதான் நினைக்கிறேன்” என்றார். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவர், கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டு, “நான் ஆட்டினேனா?” என்று மனைவியைக் கேட்டாராம். அன்றைக்குத்தான் அந்த அம்மாள் சித்தியைத் தேடி வந்தாள்.

நாளைக் காலை விசாரணைக் குழுவின் கடைசி அமர்வு. அது முடிந்தால் காகிதம் போலீஸுக்குப் போகும். தீர்ப்பை எழுதியே வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. சித்தியிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு நூல். அந்தத் தம்பி தன்னிடம் படமே இல்லை என்று குழுவிடம் சொல்லியிருந்தான். விபத்துக்குப் பிறகு கேமராவைத் தொடவே இல்லை, மெமரி கார்டைத் தூக்கி எங்கோ எறிந்துவிட்டேன் என்றான். ஆனால் இந்தக் காலத்துக் கேமராக்கள் எடுத்த படத்தை எடுத்த கையோடு பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும் என்பது சித்திக்குத் தெரியும்.

அனுப்பியிருந்தது. வேண்டாத படங்கள் என்று ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தார் பட ஆசிரியர். அழிக்கச் சோம்பல் என்பதால் அவை உயிரோடு இருந்தன.

“பாருங்க, பாத்து நீங்களே சொல்லுங்க” என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். “கார் ஓடற வேகத்துக்குக் கேமராவையும் கூடவே திருப்பிக்கிட்டுப் போனா, கார் தெளிவா விழும், பின்னாடி இருக்கறது எல்லாம் இழுத்துவிட்ட கோடு மாதிரி விழும். அது எல்லாரும் பண்றதுதான். இவன் கேமராக் கண்ணைத் திறந்து மூடற ஷட்டரை இன்னும் மெதுவா, இன்னும் மெதுவான்னு வெச்சு, கோடு மட்டும்தான் மிஞ்சுது. கார் எங்கன்னு தேட வேண்டியிருக்கு.”

சித்தி பின்னால் நிற்க, ரேடியோ ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். சாம்பல் நிறக் கோடுகள். டயர்ச் சுவரின் கறுப்புக் கோடு. ஓரத்தில் கலங்கிப்போன ஒரு கார். துடைத்து எறிந்த சாயத் துணி மாதிரி இருந்தது. பந்தயத்தின் கடைசிப் படத்துக்கு வந்ததும் அவன் கை நின்றது.

கார் வலது ஓரத்தில் இருந்தது. இந்த முறை கலங்கவில்லை. ஹெல்மெட் கல்லில் செதுக்கியதுபோல் தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால், சாம்பலுக்கு நடுவே, படத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடியது மஞ்சள்.

“சித்தி” என்றான். பிறகு, “மேடம், மஞ்சள்.”

சித்தி குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. கொடி இல்லையென்றால் மஞ்சள் கோடு எங்கிருந்து வரும்? ரேடியோவுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வராந்தாவுக்குப் போய்க் கொடிக்காரரின் மனைவிக்குப் போன் போட்டான். கிடைத்துவிட்டது, உங்கள் வீட்டுக்காரர் கொடி காட்டியதற்குப் படமே இருக்கிறது, சாயங்காலம் கொண்டுவருகிறோம் என்று மூச்சு விடாமல் சொன்னான். பிறகு அந்த அம்மாள், சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறேன், நாளைக்கு நல்ல சட்டையோடு போகட்டும் என்றாள். நல்ல செய்தி சொல்கிற வேலை அவனுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

திரும்பி வந்தவன் உற்சாகத்தில் காலைப் படங்களையும் தள்ளிப் பார்த்தான். பந்தயத்துக்கு முன்னால் நடந்த பயிற்சி ஓட்டத்தில் எடுத்தவை. பார்த்துக்கொண்டே வாயை விட்டான்.

“கொடிக்காரர் பெரிய ஆளுதான் மேடம். காலையிலேர்ந்தே ஆட்டிக்கிட்டு இருந்திருக்காரு. தோள்பட்டை கழண்டு விழுந்திருக்கணுமே.”

சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு அது உறைத்தது. சித்தி அவன் கையிலிருந்து மவுஸை வாங்கினாள். காலைப் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே மஞ்சள். தடத்தில் ஓர் ஆபத்தும் இல்லாத நேரத்தில், கொடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில்.

அது கொடி இல்லை.

“அந்த அம்மாவுக்குப் போன் பண்ணிட்டியா?” என்று கேட்டாள் சித்தி.

அவன் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினான். சித்தி பட ஆசிரியரிடம் கடைசிப் படத்தையும் காலைப் படம் ஒன்றையும் பெரிதாக அச்சடித்து வாங்கிக்கொண்டாள்.

*

தடத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனது ரேடியோதான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தி மடியில் படங்களை வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அன்றைக்கு மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ஓட்டுநர் ஒருவன் குழுவிடம் சொன்னதை அவள் நினைவூட்டினாள். கொடி தெரிந்ததா என்று கேட்டதற்கு, “மஞ்சள் காலையிலேர்ந்தே இருந்துச்சே” என்றானாம். குழுவில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். பயத்தில் உளறுகிறான் என்று எழுதிக்கொண்டார்களாம்.

“அவன் ஒருத்தன்தான் உளறல” என்றாள்.

வளைவில் யாரும் இல்லை. கொடிக்காரரின் மேடை வெறுமையாக நின்றது. மேடைக்கு அடியில், தடத்தின் வெளி ஓரமாக ஆளுயரக் கம்பி வேலி. நேர்ப்பாதையில் பறந்து வருகிறவனுக்கு வளைவில் திரும்பும் முன் கண்ணுக்கு நேராகத் தெரிவது அந்த வேலிதான். சித்தி குனிந்து கம்பியைத் தடவிக்கொண்டே நடந்தாள். ஒரு கம்பத்தில் பிளாஸ்டிக் கயிற்றின் முடிச்சு இருந்தது. கத்தியால் அறுத்த முனை. பத்தடி தள்ளி இன்னொன்று. அதில் நகத்தளவு மஞ்சள் துணி மாட்டியிருந்தது.

“பேனரா?” என்றான் ரேடியோ.

“எழுத்து இருந்தா கோட்டுல வேற நிறமும் கலந்திருக்கும். இது சும்மா துணி. வெறும் நிறத்துக்காகக் கட்டினது.” அவள் திரும்பி, தடத்தின் உட்பக்கத்தைப் பார்த்தாள். புகைப்படக்காரன் நின்ற இடம் நேர் எதிரே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பின்னணியில் சாம்பல் வேலி, கறுப்பு டயர், வெளுத்த வானம். ஒரு சொட்டு நிறம் கிடையாது. “கோடா இழுத்து ஓவியம் வரையறவன் ஒருத்தன் அங்க நிக்கறான். அவனுக்கு ஒரு வர்ணம் வேணும்னா என்ன பண்ணுவான்?”

ரேடியோவுக்குப் புரிந்தது.

காலையிலிருந்து அந்த வளைவில் மஞ்சள் இருந்தது. முதல் சுற்றில் பார்த்தவர்கள் திடுக்கிட்டு வேகத்தைக் குறைத்திருப்பார்கள். அது வெறும் துணி என்று தெரிந்ததும் அடுத்த சுற்றில் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். பத்தாவது சுற்றில் அது கண்ணிலேயே பட்டிருக்காது. நிஜமான மஞ்சள் வந்தபோது அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருந்தது.

“அப்ப கொடி காட்டினாரா இல்லையான்னு இன்னும் தெரியலையே” என்றான். “இருந்த ஒரு சாட்சியும் துணியாப் போச்சு.”

சித்தி அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். காரின் பானட் மேல் ஒரு காகிதத்தை வைத்து, பேனா முனையை அதில் வைக்கச் சொன்னாள். கையை ஆட்டக் கூடாது. அவள் காகிதத்தை மெதுவாக இழுத்தாள். நேர்க்கோடு விழுந்தது.

“இப்ப கையை மேலயும் கீழயும் ஆட்டு.”

மறுபடி இழுத்தாள். கோடு ஏறி இறங்கி அலை அலையாக விழுந்தது.

அவள் கடைசிப் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். அவசரத்தில் ரேடியோ பார்க்கத் தவறியது இப்போது தெரிந்தது. படத்தில் ஓடியது ஒரு மஞ்சள் கோடு அல்ல. இரண்டு. கீழே தடித்த நேர்க்கோடு. அதற்கு மேலே, அதை ஒட்டினாற்போல், மெல்லிசாக ஒன்று. அது நேராக ஓடவில்லை. மேலே ஏறி, வளைந்து, கீழே இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. காலைப் படத்தில் அந்த இரண்டாவது கோடு கிடையாது.

மனிதர் ஆட்டியிருக்கிறார். உயிரைக் கொடுத்து ஆட்டியிருக்கிறார்.

ரேடியோ இரண்டாம் முறையாகப் போனை எடுத்தான். சித்தி அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். இந்தப் படத்தை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால், இரண்டும் துணிதான், ஒன்று காற்றில் அவிழ்ந்து ஆடியது என்று சொல்லிவிடுவார்கள். துணி இப்போது இங்கே இல்லை. அது ஒரே துணிதான், இரண்டு பக்கமும் இறுகக் கட்டியிருந்தது, ஆட வழியே இல்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அப்படிச் சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான்.

*

புகைப்படக்காரன் கதவைத் திறந்தான். யாரென்று தெரிந்ததும் மூடப் பார்த்தான். கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு இந்த வாசலில் வந்து நிற்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று கேட்டான். சத்தம் போடவில்லை. உள்ளே அம்மா தூங்குவதாகச் சொன்னான்.

சித்தி வாதாடவில்லை. அன்றைக்கு அவன் எடுத்த படம் ஒன்று பத்திரிகை ஆபீசில் இருந்தது, அதைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தோம் என்றாள். அண்ணன் இருக்கும் கடைசிப் படம்.

அதற்குமேல் அவனால் கதவை மூட முடியவில்லை.

முன்னறையில் ஓர் அலமாரி முழுக்கக் கோப்பைகள். அண்ணன் ஜெயித்தவை. சுவரில் தம்பி எடுத்த படங்கள். ஒவ்வொன்றிலும் அண்ணன் எங்கோ ஒரு மூலையில் இருந்தான். ஒரு படத்தில் கண்ணாடித் துண்டில், ஒரு படத்தில் யாரோ பார்வையாளரின் கறுப்புக் கண்ணாடிக்குள்ளே. ‘எல்லாரும் எடுக்கற மாதிரி என்னை எடுக்காதடா’ என்று அண்ணன்தான் சொல்வானாம். ஷட்டரை மெதுவாக வைக்க வைக்க நூற்றுக்கணக்கில் வீணாகும், அப்படியும் ஹெல்மெட் மட்டும் தெளிவாக விழுகிற ஒரு படம் வேண்டும் என்று அந்தப் பருவம் முழுக்க இருவருமாகத் துரத்தினார்களாம்.

அவன் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். வெகுநேரம் முதுகைக் காட்டியபடி நின்றான்.

“ஷார்ப்பா வந்திருக்கு” என்றான்.

ரேடியோவுக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

“நீங்க கேமரா வழியா அண்ணனோட ஹெல்மெட்டை மட்டும்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்டாள் சித்தி. “வேற எதைப் பாத்திருந்தாலும் இது இவ்வளவு தெளிவா விழுந்திருக்காது.”

அவன் ஆமாம் என்று தலையாட்டினான். பிறகுதான் அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவனுக்குப் பட்டது. கொடி அசையவில்லை என்று அவன் சொன்னது பொய்யில்லை. அவன் பார்க்கவே இல்லை. சித்தி மேல் கோட்டைக் காட்டினாள். பேனாவால் இரண்டு கோடுகள் போட்ட காகிதத்தையும் எடுத்து வைத்தாள். அவன் படம் எடுக்கிறவன், அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பார்த்த மாத்திரத்தில் முகம் செத்துப்போனது.

அவன் கண் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்கியது.

“துணி” என்றான்.

சித்தி தலையாட்டினாள்.

“மத்தவங்க எல்லாம் மொத ரவுண்டுல பயந்துட்டாங்க. பிரேக் போட்டாங்க. அண்ணனும் போட்டான்.” அவன் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. “பிராக்டிஸ் முடிஞ்சு வந்து என்னடா அதுன்னு கேட்டான். நான் சொன்னேன். அந்த மஞ்சள் என்னோடதுண்ணா, நீ கண்டுக்காத, அப்படியே வான்னு சொன்னேன்.”

அவன் உட்காரவில்லை, அழவும் இல்லை. மோதல் நடந்ததும் ஓடிப்போய் அந்தத் துணியைத்தான் அறுத்து எடுத்து அண்ணன் மேல் போர்த்தியதாகச் சொன்னான். அதனால்தான் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அது திரும்பி வரவும் இல்லை. அதன்பின் ஒரு நாள்கூட அந்தத் துணி தன் நினைவில் வரவில்லை என்றான். வரவிடாமல் எது தடுத்தது என்று இப்போது தெரிகிறது என்றான்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. யாருப்பா அது என்று கேட்டாள். படம் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று அவன் பதில் சொன்னான். அண்ணன் படமா, கொண்டா பார்க்கிறேன் என்றாள் அவள். அவன் படத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

நாளைக்கு வருகிறேன் என்று சித்தியிடம் சொன்னான். துணியைப் பற்றிச் சொல்கிறேன், கொடி ஆடியதைச் சொல்கிறேன். அண்ணனிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அங்கே தன்னைச் சொல்ல வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அம்மாவும் வந்து உட்கார்ந்திருப்பாள்.

சித்தி சரி என்றாள். அவள் குரல் உடைந்து ரேடியோ கேட்டது அதுதான் முதல் முறை.

*

கொடிக்காரர் வீட்டு ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்தது. வாசலிலேயே மனைவி காத்திருந்தாள். முகத்தில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே கதவு மேல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை தொங்கியது. ரேடியோ அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தான்.

வாத்தியார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் வந்ததும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். சித்தி அந்தப் படத்தில் இன்னொரு பிரதியும் அச்சடித்து வைத்திருந்தாள். அதை அவர் கையில் கொடுத்து, மேலே வளைந்து ஓடிய கோட்டை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இது நீங்க சார். ஆட்டியிருக்கீங்க. தம்பியே நாளைக்கு வந்து சொல்றேன்னுட்டார்.”

மனைவி அவர் தோளைப் பற்றிக்கொண்டு விம்மினாள். நான் சொல்லவில்லையா, நான் சொல்லவில்லையா என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் பார்த்தது மேல் கோட்டை அல்ல.

“கீழ இருக்கறது அந்தத் துணியா?” என்றார்.

ஆமாம் என்று சித்தி சொன்னாள். புகைப்படக்காரன் பின்னணிக்காகக் கட்டியது, ஓட்டியவனின் கண் அதற்குப் பழகிப்போனது, உங்கள் மேல் குற்றமே இல்லை என்று விளக்கினாள். அவர் நல்ல மாணவன் மாதிரி முழுவதையும் கேட்டார்.

“அந்தப் பையன் தனியா நின்னு கட்டிக்கிட்டு இருந்தான் மேடம். ஒரு பக்கம் கட்டினா இன்னொரு பக்கம் காத்துல அவுந்துக்குது. பாவமா இருந்துச்சு. மேடையிலேர்ந்து இறங்கிப் போய் ஒரு முனையைப் பிடிச்சேன். முடிச்சும் நான்தான் போட்டுக் குடுத்தேன். நல்லா இறுக்கி.”

இதை ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று சித்தி மெதுவாகக் கேட்டாள். யாரும் கேட்கவில்லை என்றார் அவர். கட்டி முடித்த பிறகு அது வேலியோடு வேலியாகிவிட்டது, தனக்கே அது கண்ணில் படவில்லை என்றார். கொடியை மட்டுமே நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றது மறந்தே போயிற்று என்றார்.

“என் மேடைக்கு அடியில என் கொடி நிறத்துலயே ஒரு துணி. கழட்டுடான்னு சொல்ல வேண்டியவன் நான். அதுக்குத்தான் என்னை அங்க நிக்க வெச்சிருக்காங்க. நான் பிடிச்சுக் குடுத்திருக்கேன்.”

மனைவி அவர் தோளிலிருந்து கையை எடுத்தாள். எதிரே வந்து நின்றாள்.

“அதை யாரும் பாக்கல இல்ல?” என்றாள். “நாளைக்கு அங்க அதைச் சொல்லாதீங்க. கொடியை ஆட்டினீங்களான்னு கேப்பாங்க. ஆட்டினேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் நீங்க சொல்லணும்.”

“அந்தப் பையன் தன் தப்பைச் சொல்ல வரான்” என்றார் வாத்தியார். “மொத்தத்தையும் அவன் தலையில வெச்சுட்டு நான் எப்படிச் சும்மா உக்காந்திருக்கறது?”

“உள்ள வெச்சிடுவாங்க.”

“தெரியும்.”

அவள் சித்தியைப் பார்த்தாள். உதவிக்கு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். எது சொன்னாலும் அது அந்தப் பையனுக்காவது இந்த மனிதருக்காவது துரோகமாக இருக்கும் என்று தோன்றியது, விட்டுவிட்டான்.

“நீங்க இதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்” என்றாள் அந்த அம்மாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். கதவு மேல் தொங்கிய சட்டையை எடுத்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

வாத்தியார் அதைக் கவனிக்கவில்லை. அவர் விரல் இப்போது மேல் கோட்டுக்குப் போயிருந்தது. அது ஏறிய இடத்தில் ஏறி, இறங்கிய இடத்தில் இறங்கி, படத்தின் ஓரம் வரை மெதுவாகப் போயிற்று.

“ஆட்டியிருக்கேன் பாரு” என்றார், மனைவி இன்னும் பக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு.